டேஜெட்: அட்டவணை இல்லாத விமானம்

டேஜெட் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இயங்கிய சிறு விமான நிறுவனம். சிட்ரிக்ஸ் மென்பொருள் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான எட் யாகோபுச்சி இதைத் தொடங்கினார். 2007 அக்டோபரில் போகா ரேட்டன், டலஹாசி உள்ளிட்ட ஐந்து ஊர்களுக்கிடையே விமானங்கள் பறக்கத் தொடங்கின.

இதற்குக் கால அட்டவணை கிடையாது. முழு விமானத்தையும் வாடகைக்கு எடுக்க வேண்டியதுமில்லை. நம்மூர் ஷேர் ஆட்டோ போல ஓர் இருக்கைக்குப் பணம் கட்டினால் போதும். புறப்படும் நேரத்தில் விட்டுக்கொடுப்பவருக்குக் கட்டணம் குறைவு. யாரை எதில் ஏற்றுவது என்பதைக் கணினி நிரலே முடிவு செய்தது. நிரலில் குறை காண இடமில்லை. ஆனால் எக்ளிப்ஸ் 500 என்ற அந்தச் சிறு ஜெட்டில் பயணிகள் மூவரே செல்லலாம். விமானங்கள் ஏராளமாக இருந்தால்தான் வரவு செலவு கட்டுப்படியாகும், இருந்தவை 28. விரிவாக்க மூலதனம் தேடிய வேளையில் நிதி நெருக்கடி முற்றியது. 2008 செப்டம்பரில் சேவை நின்றது.