கொட்டகையும் கச்சேரி மேடையும் போற்றிய குரல்: கே.பி.சுந்தராம்பாள்

கோல சிலாங்கூர், கம்போங் குவாந்தான் சுற்றுவட்டாரத் தோட்டக் கோயில்களில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டிவிட்டால், எப்படியும் ஒருமுறையாவது 'பழம் நீயப்பா' ஒலித்துவிடும். பாடுபவர் கே.பி.சுந்தராம்பாள் என்பதைப் பெரியவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். இளையோரில் பலருக்கு அவர் கைத்தடி ஊன்றிய ஔவைப் பாட்டி, அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரல் புகழ் பெற்றது திரையில் அல்ல. நாடகக் கொட்டகையில்.

மேற்கத்திய இசையில் பெண் குரல்களில் மிக உயர்ந்ததை சோப்ரானோ என்பார்கள். ஒலிவாங்கியின் துணையின்றி, வாத்தியக் குழுவின் சத்தத்தையும் தாண்டிக் கடைசி வரிசை வரை பாட்டைக் கொண்டு சேர்ப்பது ஓப்பரா பாடகியின் வேலை. பாட்டாலேயே கதை நடத்தும் நம் இசை நாடகமும் நடிகர்களிடம் அதையேதான் எதிர்பார்த்தது. ஆர்மோனியத்தின் முதல் வெள்ளைக் கட்டையிலிருந்து எண்ணி 'இத்தனை கட்டை சுருதி' என்று சொல்வது நம் வழக்கம். மேலே போகப் போகத் தொண்டைக்குச் சோதனை. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துத் தந்த நாடக மரபில், உச்ச சுருதியில் விடிய விடியப் பாடியும் சொல் சிதையாமல் இருந்தால்தான் நடிகருக்கு மதிப்பு.

சுந்தராம்பாள் 1908 அக்டோபரில் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தவர். தாயார் பாலாம்பாள். ஊர்ப் பெயரும் தாயார் பெயரும்தான் 'கே.பி.' ஆயின. வறுமையில் வளர்ந்த அவர், வேலு நாயரின் நாடகக் குழுவில் சிறுமியாகச் சேர்ந்தார். 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் அழும் பிள்ளையின் வேடம் கிடைத்தது. பசி அவருக்கு நடித்துக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றாக இருந்திருக்காது.

1926இல் இலங்கையில் அவரும் செங்கோட்டை கிட்டப்பாவும் ஒரே மேடையில் நடிக்கத் தொடங்கினர். இருவருக்குமே உச்ச சுருதி. 'வள்ளி திருமணம்' நாடகத்தில் கிட்டப்பா முருகனாகவும் சுந்தராம்பாள் வள்ளியாகவும் நின்று, ஒருவர் பாட்டுக்கு மற்றவர் பாட்டாலேயே பதில் சொல்வதைக் கேட்கக் கூட்டம் திரண்டது. அந்நாளில் நாடகத்திற்குப் பத்திரிகை விமர்சனத்தை விட உடனடியான தீர்ப்பு ஒன்று இருந்தது. கொட்டகையிலிருந்து எழும் 'ஒன்ஸ்மோர்!' குரல்தான் அது. பாட்டு பிடித்துவிட்டால் கதை நின்றுவிடும், பாட்டு மீண்டும் தொடங்கும். 'கொடுமுடி கோகிலம்', 'வெண்கலக் குரல்' ஆகிய பட்டப்பெயர்களும் ரசிகர்களின் வாய்வழியே நிலைத்தவை.

மேடையில் சேர்ந்தவர்கள் வாழ்விலும் இணைந்தனர். ஆனால் 1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. வெள்ளைச் சேலை உடுத்தினார், நகைகளைத் துறந்தார், ஆணுக்கு ஜோடியாக இனி நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். காதல் காட்சிகளால் பெயர் பெற்ற நாடக நடிகைக்கு இது தொழிலையே கைவிடுவதற்குச் சமம். மிஞ்சியது குரல் மட்டும். அதைக் கொண்டுதான் கச்சேரி மேடைகளில் மீண்டும் எழுந்தார்.

1935இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் ஆண் வேடமான நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் நாடெங்கும் பேச்சானது. கர்நாடக இசை மேதை மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் வேதியராக நடித்தார். இருந்தும், ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனம் படத்தைக் கிண்டலால் துளைத்தது. மரமும் எருமையும் ஆடும்தான் நன்றாக நடித்திருக்கின்றன என்ற பொருளில் எழுதினார். படம் ஓடவில்லை. அவர் குரலுக்கு மட்டும் அந்தத் தோல்வியால் குறையேதும் வரவில்லை.

1953இல் ஜெமினி நிறுவனத்தின் 'ஔவையார்' அவரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவையார். 1966இல் தமிழ் இசைச் சங்கம் 'இசைப்பேரறிஞர்' பட்டம் அளித்தது. 'துணைவன்' படத்திற்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீயும் வந்தன.

சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது மட்டும் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த விருது முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கு, வழங்கப்பட்டதே 1968இல்தான் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆனாலும் 'நாடகப் பாட்டு' என்ற முத்திரையே அவருக்குத் தடையாக இருந்தது என்பது என் கணிப்பு. கொட்டகையில் விடிய விடியப் பாடியவரின் பாட்டு, சபா மேடையில் மூன்று மணி நேரம் பாடியவரின் பாட்டை விட எந்த வகையில் குறைந்தது? ஓப்பராவில் பாடியதற்காக ஒரு சோப்ரானோவை யாரும் தாழ்த்துவதில்லை.

அடுத்த முறை கோயிலில் 'பழம் நீயப்பா' ஒலிக்கும்போது தொடக்கத்தில் வரும் விருத்தத்தைக் கவனித்துக் கேளுங்கள். தாளமில்லாமல், குரல் மட்டும் படிப்படியாக மேலேறும். உச்சியில் நிற்கும்போதும் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழும். அதைப் பாடியபோது அவருக்கு வயது 56.