சயாம் ரயிலும் சாட்சி ஏடும்

யுத்தம் ஓய்ந்தபின் நீதிமன்றம் கூடுகிறது. குற்றவாளிகள் தண்டனை பெறுகின்றனர். புதிய சட்டங்கள் பிறக்கின்றன. இவ்வளவும் நிகழ்ந்தால் கொடுமை திரும்ப வாராதென்று உலகம் நம்புகிறது. அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லுமென்பதைச் சயாம் மரண ரயிலைக் கொண்டு நாம் ஆராய்வோமாக.

1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பானியர் இணைத்து முடித்த அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் உழைத்தனர். 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மலாயா, பர்மா, ஜாவா முதலிய இடங்களிலிருந்து சென்ற தொழிலாளரோ இரண்டு லட்சத்தை ஒட்டியவரென மதிப்பிடுவர். மலாயாவிலிருந்து போன பல்லாயிரவருள் பெரும்பாலோர் நம் தோட்டத் தமிழர். ரப்பர் ஏற்றுமதி நின்று லயங்களிற் பிழைப்பற்றுக் கிடந்தவர்க்குச் சில மாத வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டினர். ஆள் போதாதபோது பிடித்தே வண்டியேற்றினர். 1943 மழைக்காலத்தில் காலரா புகுந்தது. கைதிகளின் முகாமிலாவது அவர்களுடைய சொந்த வைத்தியர் இருந்தனர். தண்ணீரைக் காய்ச்சிக் குடியென்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தனர். நம்மவர்க்கு அவ்விரண்டும் இல்லை.

சட்டம் இல்லாமலா இது நடந்தது? கட்டாய உழைப்பை ஒழிக்க 1930-ல் எழுந்த சர்வதேச உடன்படிக்கையை ஜப்பான் 1932-லேயே ஏற்றிருந்தது. யுத்தம் போன்ற அவசர காலத்துக்கு அதில் ஒரு விலக்கு உண்டு. பாத்திரத்தின் அடியிலேயே ஓட்டை!

1946 முதல் 1948 வரை சிங்கப்பூரில் பிரிட்டிஷார் 131 போர்க்குற்ற வழக்குகளை விசாரித்தனர். ரயில் பாதை வழக்குகளில் பெரும்பாலும் எழுந்த பேச்சு கைதிகளைப் பற்றியதே. நிற வேற்றுமையே காரணமென்று சொல்லி முடித்துவிடலாம், அதுவும் உண்டு. ஆயினும் நாம் ஊன்றி நோக்க வேண்டியது வேறொன்று. இறந்தவன் பெயரையும் நாளையும் நோயையும் கைதிகள் மறைவாகக் குறித்து வைத்தனர். அக்குறிப்புகளை மூங்கிலில் ஒளித்தனர், மண்ணிற் புதைத்தனர். அதனாலேயே காஞ்சனாபுரி யுத்த மயானத்தில் 6,900-க்கு மேற்பட்ட கல்லறைகள், பெரும்பாலும் பெயர் பொறித்தவையாய் நிற்கின்றன. ஆசியத் தொழிலாளர் அனைவருள்ளும் மாண்டவர் எழுபதாயிரம் என்பாரும் உளர், தொண்ணூறாயிரம் என்பாரும் உளர். இருபதினாயிரம் உயிர் கணக்கின் ஓரத்தில் ஊசலாடுகிறது!

1949-ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, பிடித்த நாட்டு மக்களை அந்நாட்டுக்கு வெளியே கொண்டுபோய் வேலை வாங்கலாகாதென 51-ஆம் விதியில் விதித்தது. நம்மவர்க்கு ஆறாண்டு பிந்தி வந்த விதி அது.

பின்னும் நடந்ததைக் கேளுங்கள். சயாம் பாதையின் பர்மா முனைக்குத் தெற்கே யே என்னும் ஊரிலிருந்து தாவாய்க்கு 1990-களில் மற்றோர் இருப்புப்பாதை போடப்பட்டது. சொந்த அரசின் சேனையே கிராமத்தாரை அவ்வேலைக்கு விரட்டியது. பர்மாவும் 1930-ன் உடன்படிக்கையை 1955-ல் ஏற்ற நாடுதான். சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் அமைத்த விசாரணைக் குழுவை அவ்வரசு உள்ளே விடவில்லை. குழுவினர் அயல்நாடுகளில் இருந்துகொண்டு, நேரிற் கண்டார் சுமார் 250 பேரின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு, 1998-ல் குற்றம் மெய்யென அறிவித்தனர். அதன்மேல் 2000-ல் ஸ்தாபனம், தன் சாசனத்தில் அதுவரை ஒருமுறையும் எடுத்தாளாத 33-ஆம் விதியைப் பர்மாவின்மேல் ஏவியது.

அங்கே சாட்சி சொன்னவர் எளிய கிராமத்தார். கேட்டு எழுத ஆள் இருந்தார். சயாமிலிருந்து மீண்டு நம் லயங்களில் உட்கார்ந்து பேசியவரின் சொல்லை 1946-ல் ஏட்டில் ஏற்றியவர் மிகச் சிலரே.