கருமத்தம்பட்டியில் ஓர் ஆயரின் முடிவு

1846ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஜெபமாலை அன்னையின் திருநாள் அக்காலத்தில் அக்டோபர் முதல் ஞாயிறன்றே கொண்டாடப்பட்டு வந்தது. அன்று கருமத்தம்பட்டியில் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் என்னும் பிரெஞ்சுக் குரு ஆயராக அபிஷேகம் பெற்றார். வயது 32. பாண்டிச்சேரியிலிருந்து புதிதாகப் பிரிக்கப்பட்ட கோயம்புத்தூர் மறைப்பணித்தளம் அவர் பொறுப்பில் விடப்பட்டது. 1850இல் அது தனி விக்காரியத்தாக உயர்ந்தபோது அவரே அதன் முதல் அப்போஸ்தலிக்க விக்கார் ஆனார். ஐந்தே ஆண்டுகளில், 1855இல், அவர் அப்பதவியைத் துறந்தார். அவரை விலகுமாறு எவரும் வற்புறுத்தவில்லை. நோயும் காரணமன்று, மேலிடத்தின் கண்டனமும் காரணமன்று. தம் மனச்சான்று அமைதியுறாத ஒரு நிலையில் தொடர்ந்து அருட்சாதனங்களை வழங்கத் தம்மால் இயலாது என்று அவர் முடிவு செய்தார்.

இன்று எங்கள் கோபிப் பகுதியிலிருந்து அவினாசி வழியாகக் கோவைக்குச் செல்வோர் கருமத்தம்பட்டியைக் கடந்தே போகின்றனர். அன்னையின் திருத்தலத்தை அறியாதவர் அவர்களுள் இரார். அங்கே ஆயரான ஒருவர் தாமாக முன்வந்து விலகினார் என்பதை அறிந்தவர் மிகச் சிலர். மனிதனின் மனச்சுதந்திரம் பற்றியும் அதன் விளைவுகள் பற்றியும் நமக்கு மறையுரைகளில் நிறையச் சொல்லப்படுகிறது. ஆதாமும் ஏவாளும், ஊதாரி மகனும் அங்கே சான்றுகளாக வருகின்றனர். நம் மண்ணிலேயே இதற்கொரு சான்று இருக்கிறது; ஆனால் அது எளிய சான்று அன்று.

கொங்கு நாட்டில் விதி என்னும் சொல்லுக்குக் கிறிஸ்தவ வீடுகளிலும் இடம் உண்டு. மகன் குடியில் அழிந்தான், நிலம் கடனில் போயிற்று, மகளின் மணவாழ்வு முறிந்தது என்று வருந்துவோர் பலர், “எல்லாம் தலையெழுத்துங்க, சாமி” என்று முடித்து விடுகின்றனர். சற்று வேதம் அறிந்தவர்கள் அதையே “ஆண்டவர் சித்தம்” என்று மாற்றிச் சொல்வார்கள். சொல் மாறினாலும் பொருள் அதுவேதான். இது கடவுள் மேல் கொண்ட நம்பிக்கையா, பொறுப்பிலிருந்து விலகும் வழியா என்று எனக்குப் பலமுறை ஐயம் எழுந்ததுண்டு.

திருச்சபை இந்த ஐயத்தோடு நெடுங்காலம் போராடியிருக்கிறது. 1524இல் எராஸ்முஸ் மனச்சுதந்திரத்தை ஆதரித்து எழுதினார்; மறு ஆண்டே லூத்தர் அதை மறுத்து எழுதினார். பாவத்தால் மனிதனின் சுதந்திரம் தளர்ந்தது, ஆனால் அழியவில்லை என்று 1547இல் திரெந்து பொதுச்சங்கம் போதித்தது. அப்படியானால் இறையருள் எவ்வாறு செயல்படுகிறது? 1588இல் மொலினா என்னும் இயேசு சபைக் குரு ஒரு விளக்கம் தர, தோமினிக் சபையார் அதைக் கடுமையாக எதிர்த்தனர். ஏறத்தாழ பத்தாண்டுகள் உரோமையில் விவாதம் நடந்தது. 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எப்பக்கத்துக்கும் தீர்ப்பு அளிக்காமல், ஒருவர் மற்றவரைத் தப்பறைக்காரர் என்று கண்டிக்கலாகாது என்று கட்டளையிட்டு அதை முடித்து வைத்தார். அறிவால் முற்றும் அளக்கவியலாத ஒன்றை அளந்துவிட்டதாகக் கூறாமல் விட்டது பெரிய விவேகம் என்றே நான் எண்ணுகிறேன்.

அந்த விவாதம் நடந்த நாள்களில் உரோமையில் பயின்றவர்தான் இராபர்ட் தெ நோபிலி. 1606இல் அவர் மதுரை வந்து சேர்ந்தார். தமிழில் அவர் எழுதிய நூல்களுள் ஒன்றின் பெயர் ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’. இப்பிறவியின் இன்பதுன்பங்களை முற்பிறவிக் கணக்கில் எழுதிவிடுவதை அவர் மறுத்தார். ஒருவன் தாழ்ந்த நிலையில் பிறந்தது அவன் முன்னர்ச் செய்த வினையின் பயன் என்றால், இன்று அவனை இழிவாக நடத்துபவனுக்குப் பொறுப்பு ஏதுமில்லை என்றாகி விடுமே! மனச்சுதந்திரம் என்பது தமிழகத்தில் வெறும் தத்துவப் பொருளாக நில்லாமல் சாதியைத் தொடும் பொருளாயிற்று. ஆயினும் அதே நோபிலிதான் நம் நாட்டின் பழக்கவழக்கங்களுக்கு இடமளித்து மறைபரப்பினார் என்பதும், அவற்றுள் சாதி ஆசாரங்களும் இருந்தன என்பதும் நாம் மறக்கலாகாதவை. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் போன்றவற்றுக்கு நிபந்தனையுடன் அனுமதி அளித்தார். பின்னர் அந்நூற்றாண்டிலேயே இயேசு சபையாரின் பணி கொங்கு நாட்டுக்கும் பரவி, பவானிக் கரையில் சத்தியமங்கலம் அதன் மையங்களுள் ஒன்றாயிற்று. எங்கள் பகுதியின் விசுவாசத்துக்கு அதுவே தொடக்கம்.

அனுமதி ஓரிடத்தில் நின்றுவிடவில்லை. 1704இல் திருத்தந்தையின் தூதர் துர்னோன் பாண்டிச்சேரியில் தங்கிப் பல வழக்கங்களைத் தடை செய்தார். அவற்றுள் ஒன்றைக் கேட்டாலே நெஞ்சு கனக்கும். பறையர் குலத்தவர் ஒருவர் சாகும் தறுவாயில் இருந்தாலும் குரு அவர் குடிசைக்குள் சென்று அருட்சாதனம் அளிக்கத் தயங்கியிருக்கிறார். இனி அவ்வாறு மறுக்கலாகாது என்றது அந்த ஆணை. பல ஆண்டுகள் மேல்முறையீடும் விளக்கமும் தொடர்ந்தன. 1739இலும் 1744இலும் உரோமையிலிருந்து உறுதியான ஆணைகள் வந்தன. இங்கே பணிபுரியும் ஒவ்வொரு மறைப்பணியாளரும் அவற்றைக் கடைப்பிடிப்பதாகச் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும் என்றாயிற்று. 1744ஆம் ஆண்டின் ஆணையில் ஓர் ஒத்திசைவும் இருந்தது: ஒடுக்கப்பட்டோருக்கென்று தனியாகச் சில மறைப்பணியாளரை ஒதுக்கும் இயேசு சபையாரின் யோசனையைத் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் ஏற்றுக்கொண்டார். குடிசைக்குக் குரு வந்தார். ஆனால் வேறு குரு வந்தார்.

பிரெசிலாக் 1842இல் பாண்டிச்சேரியில் வந்து இறங்கியபோது அப்பிரமாணம் நூறாண்டுப் பழையதாகி இருந்தது. எல்லாரும் அதைச் செய்தனர். எது தடை, எது பொறுத்துக் கொள்ளத்தக்கது என்பதில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. அவர் சேலத்தில் பணியாற்றினார்; பாண்டிச்சேரிக் குருமடத்தை நடத்தினார். 1844ஆம் ஆண்டுப் பாண்டிச்சேரி மாமன்றம் உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதை முதன்மைப் பணியாக வலியுறுத்தியபோது அக்கருத்தில் முழுமூச்சாய் நின்றவர்களுள் அவர் ஒருவர். ஐரோப்பியர் என்றென்றும் மேய்ப்பராகவும் இந்தியர் என்றென்றும் மந்தையாகவும் இருப்பது திருச்சபையன்று என்பது அவர் உறுதி.

அவரைச் சாதி எதிர்ப்பு வீரர் என்று இன்றைய சொல்லால் அழைத்துவிட வேண்டாம். நம் நாட்டு வழக்கங்களை இகழ்ந்த ஐரோப்பியர்மீது அவருக்கு வருத்தம் இருந்தது; வழக்கங்கள் பலவற்றைப் பொறுத்துக் கொள்ளலாம் என்றும் அவர் எண்ணினார். அவரை வாட்டியது வேறொன்று. ஒன்றைச் செய்வதாக ஆண்டவர்முன் ஆணையிட்டுவிட்டு நடைமுறையில் வேறொன்றைச் செய்யும் இரட்டை நிலை அது. இது பாவமா, இல்லையா? தெளிவு தாருங்கள் என்று உரோமைக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். அண்டையிலிருந்த ஆயர்கள் அவரைப்போல் கலங்கவில்லை. தெளிவான பதிலும் வரவில்லை.

இங்கேதான் மனச்சுதந்திரம் எத்தகையது என்பது விளங்குகிறது. அவருக்கு வழக்கம் இருந்தது. முன்னோர் காட்டிய வழி இருந்தது. அமைதியாய் இருக்கும்படி சொல்லும் மேலோர் இருந்தனர். அவற்றில் எதுவும் அவருக்காக முடிவெடுக்க முடியவில்லை. தவறாக அறிந்த மனச்சான்றும் கூட ஒருவனைக் கட்டுப்படுத்தும் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் போதிக்கிறார். கிறிஸ்துவை விசுவசிப்பதே தீமை என்று ஒருவனுக்கு அறிவு காட்டுமாயின், அந்நிலையில் விசுவசிப்பதும் அவனுக்குக் குற்றமே என்னும் அளவுக்கு அவர் செல்கிறார். குருமடத்தில் இதை முதன்முதல் படிக்கும் மாணவர் எவரும் திடுக்கிடாமல் இருந்ததில்லை.

விளைவுகளைப் பற்றியும் அந்த மாமேதை ஒரு நுட்பமான வேறுபாடு செய்கிறார். முன்னரே அறியப்பட்ட விளைவு செயலின் நன்மையையோ தீமையையோ மிகுவிக்கும். அறியாமல் விட்டிருந்தாலும், அச்செயலால் இயல்பாகவும் பெரும்பாலும் விளைவதே எனில் அதுவும் கணக்கில் சேரும். அரிதாக, தற்செயலாக நேர்வது சேராது. எங்கள் ஊர் விவசாயிக்கு இதை விளக்க நூல் தேவையில்லை. கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் 24,504 ஏக்கருக்கு நீர் தருகின்றன. தண்ணீர் குறைந்த காலத்தில் முறை தவறி ஒருவன் இரவில் மதகைத் திறந்தால் கடைமடை வயல் காயும். “நான் என் வயலுக்குத்தானே பாய்ச்சினேன்” என்று அவன் சொல்வதை ஊர் ஏற்காது. அதே இரவில் எதிர்பாராத மழை பெய்து கடைமடை நிறைந்துவிட்டாலும் அவன் நல்லவனாகி விடுவதில்லை.

அப்படியாயின் பிரெசிலாக் ஆண்டகையின் விலகலால் விளைந்ததை எவ்வாறு கணக்கிடுவது? உள்நாட்டுக் குருக்களுக்காக வாதாடிய ஓர் ஆயரைக் கொங்கு நாடு இழந்தது. அவ்விழப்பை அவர் அறியாதவர் அல்லர். தாம் விட்டுப்போகும் மக்கள்மீது அவருக்கு அன்பில்லை என்றும் சொல்ல இயலாது. மந்தையை விட்டுச் சென்ற மேய்ப்பர் என்று அவரைக் குறை கூற இடமுண்டு. அக்குறையை ஒரு பங்குத்தந்தையாக நான் இலேசாகத் தள்ளிவிடவில்லை. ஆயினும் மனச்சான்றுக்கு மாறாக நாள்தோறும் பீடத்தில் நிற்கும் ஒருவர் மந்தைக்கு என்ன தருவார்? அவர் இருந்து போராடியிருக்கலாம் என்று சொல்பவர்கள், அவர் எட்டாண்டுகள் போராடினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் கேட்ட தெளிவைத் தேடி உரோமை ஒரு விசாரணையைத் தொடங்கத்தான் செய்தது. பாண்டிச்சேரி ஆயர் பொன்னான் ஆண்டகை 1859இல் அப்போஸ்தலிக்கப் பார்வையாளராக இந்தியாவெங்கும் பயணம் மேற்கொண்டார். பணி முடியுமுன் 1861இல் காசியில் இறந்தார்.

பிரெசிலாக் ஓய்வு தேடவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில், மறைப்பணியாளர் எவரும் செல்லாத இடத்துக்குத் தம்மை அனுப்புமாறு கேட்டார். 1856 டிசம்பர் 8ஆம் நாள் லியோன் நகரின் ஃபூர்வியேர் குன்றில் அன்னையின் திருமுன் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். அவர் விரும்பிய தகோமேயை உரோமை அப்போது தரவில்லை. சியெரா லியோனைத் தந்தது. தோழர் மூவர் முன்னதாகச் சென்றுவிட, அவரும் இருவரும் 1859 மே 14ஆம் நாள் ஃப்ரீடவுனை அடைந்தனர். நகரில் கொள்ளைநோய் பரவியிருந்தது. கப்பல் தலைவர் தம் மாலுமிகளைக் கரையில் இறங்க விடவில்லை. ஆயர் இறங்கினார். முன்னே வந்த தம் குருக்கள் அங்கே இருந்தார்கள்.

ஆறே வாரங்கள். ஜூன் தொடக்கத்திலிருந்து ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். ஜூன் 25ஆம் நாள் மஞ்சள் காய்ச்சலால் பிரெசிலாக் இறந்தார், வயது 45. மூன்று நாளில் கடைசிக் குருவான ரெமோனும் இறந்தார். நோயுற்று முன்னரே பிரான்சு திரும்பிய சகோதரர் ஒருவர் மட்டும் எஞ்சினார்.

இவ்விளைவு அவர் அறிந்ததே அன்றோ என்று கேட்கலாம். ஆம், ஆபத்தை அறிந்தே இறங்கினார். கப்பலிலேயே தங்கியிருந்தால் அதுவும் ஒரு முடிவே. அதற்கும் விளைவு உண்டு. கரையில் இருந்த இருவர் தங்கள் ஆயரின்றிச் சாவை எதிர்கொண்டிருப்பர். லியோனில் எஞ்சிய அகுஸ்தின் பிளாங் என்னும் குரு சபையைக் கலைக்காமல் தொடர்ந்து நடத்த முடிவெடுத்து, 1907இல் இறக்கும்வரை அதன் தலைவராய் இருந்தார். அச்சபையில் இன்று இந்தியக் குருக்களும் உள்ளனர். 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ் பிரெசிலாக்கை வணக்கத்துக்குரியவர் நிலைக்கு உயர்த்தினார். எனினும் சபை தழைத்ததால் அவர் முடிவு சரியாயிற்று என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. சபை ஃப்ரீடவுனிலேயே அவரோடு அழிந்திருந்தாலும் அம்முடிவின் தகுதி குறைந்திராது. பிளாங்கின் முடிவு பிளாங்கினுடையது.

நமக்குரிய கேள்வி கருமத்தம்பட்டியிலேயே இன்னும் நிற்கிறது. அந்தச் சத்தியப் பிரமாணத்தை உரோமை 1940இல் நீக்கிற்று. வழக்கம் நீங்கவில்லை. 2003இல் தமிழக ஆயர்கள் உரோமை சென்றபோது, சாதி அடிப்படையிலான பிரிவினைகளை அகற்றுமாறு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவர்களிடம் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். தமிழகத்தின் சில கல்லறைத் தோட்டங்களில் நடுவே சுவர்கள் நின்றன. “பாட்டன் காலத்திலிருந்தே இப்படித்தானுங்க, சாமி” என்னும் பதில் எனக்கும் பழக்கமானது. தலையெழுத்து என்பதன் இன்னொரு பெயர் இது. முற்பிறவியை மறுத்த நமக்கு முப்பாட்டன் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பங்குப் பேரவையில் இத்தகைய பொருள் வரும்போது மாற்றத்துக்காகக் கை உயர்த்துபவருக்கு என்ன நேரும் என்பது அவருக்கே தெரியும். சொந்தக்காரர் சிலர் அவர் வீட்டு விருந்துக்கு வரமாட்டார்கள். மகளுக்குப் பேசிய வரன் தள்ளிப் போகலாம். தேர்த்திருவிழாவில் அவர் குடும்பத்துக்குரிய மரியாதை குறையலாம். இவை அக்குவினாஸ் கூறிய முன்னறிந்த விளைவுகள். கை உயர்த்தாமல் தரையைப் பார்த்து அமர்ந்திருப்பவருக்கும் ஒரு முன்னறிந்த விளைவு இருக்கிறது. வரும் நவம்பர் 2ஆம் நாள் மெழுகுதிரி ஏற்ற வரும்போது, சுவருக்கு இப்பால் ஒரு கூட்டமும் அப்பால் ஒரு கூட்டமுமாகவே ஜெபிப்பார்கள்.