கடனைக் கழித்தால் ஏன் கூடுகிறது? குறை எண் கழித்தலும் கரிசல் நிலக் கணக்கும்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பில் முழுக்கள் அறிமுகமாகின்றன. ஏழாம் வகுப்பில் அவற்றின் கூட்டலும் கழித்தலும் வருகின்றன. 5 − (−3) = 8 என்பதற்கு வகுப்பறையில் பரவலாகச் சொல்லப்படும் காரணம், ‘இரண்டு மைனஸ் சேர்ந்தால் பிளஸ்’ என்பதே. இது விடையைத் தருகிறது, பொருளைத் தருவதில்லை. அதனால்தான் இதே வாய்பாட்டைப் பிடித்துக்கொண்டு −5 − 3 என்ற கணக்குக்கும் 8 என்று எழுத நேர்கிறது. கடம்பூர் போன்ற கரிசல் ஊர்களின் பள்ளிகளில் இந்தக் கழித்தலைக் கடன் கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. கி.பி. 628இல் பிரம்மகுப்தர் இயற்றிய பிரம்மஸ்புட சித்தாந்தம் மிகை எண்ணைச் செல்வமாகவும் குறை எண்ணைக் கடனாகவும் வைத்தே விதிகளை வகுத்தது. பூச்சியத்திலிருந்து கடனைக் கழித்தால் செல்வம் என்பது அவற்றுள் ஒன்று. ஆயிரத்திருநூறு ஆண்டுகள் கழித்து, 1831இல், இங்கிலாந்தின் கணித அறிஞர் டி மார்கன் குறை எண்ணை விடையாக ஏற்பதைப் பொருளற்றதென்று எழுதினார். பொருள் தெளியாதபோது அறிஞரும் தயங்கிய இடத்தில் பன்னிரண்டு வயதுக் குழந்தை தடுமாறுவது வியப்பன்று.

கடம்பூர் வட்டாரத்தின் மானாவாரி வேளாண்மை வடகிழக்குப் பருவமழையை நம்பியது. விதைக்கும் உரத்துக்கும் விதைப்புக்கு முன்பே பணம் வேண்டும். வருமானமோ அறுவடைக்குப் பிறகுதான். ஆகவே கடன் இங்கே நன்கு அறிந்த செய்தி. 2021 பிப்ரவரி 5 அன்று தமிழ்நாட்டுக் கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகள் பெற்றிருந்த 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. கையில் 20,000 ரூபாயும் 50,000 ரூபாய்க் கடனும் உள்ள ஒருவரின் நிலை −30,000. அந்தக் கடன் முழுவதும் தள்ளுபடியானால், −30,000 − (−50,000) = 20,000. கையில் ஒரு ரூபாயும் புதிதாக வரவில்லை. ஆயினும் நிலை 50,000 உயர்ந்தது. கடனைக் கழிப்பது ஏன் கூட்டலாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. குறை எண்ணுக்கு வெப்பமானியை எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு; ஆனால் அது நிலைகளை மட்டுமே காட்டும். ‘மூன்று குறை டிகிரியை எடுத்துவிடு’ என்பதன் பொருளைக் காட்டாது.

5 − (−3) என்பதில் கழிப்பதற்குக் கடனே இல்லையே என்று கேட்கலாம். வலுவான கேள்வி இது. விடை கடன் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. மூன்று ரூபாய் கடன் வாங்கிக் கையில் வைத்தால் பணம் 8, கடன் 3. நிலை மாறாமல் 5. இப்போது கடனை நீக்கினால் 8. அவ்வாறே −5 − 3இல், மூன்று ரூபாய் வாங்கினால் கடன் 8, பணம் 3. பணத்தை எடுத்துவிட்டால் −8. இரண்டிலும் ஒரே செயல்: மதிப்பு மாறாதபடி சமமான செல்வத்தையும் கடனையும் சேர்ப்பது. a = (a + b) + (−b) என்ற இயற்கணித உண்மையே இது.

குறை எண்களின் பெருக்கலுக்கு இந்த விளக்கம் அவ்வளவு எளிதில் பொருந்தாது என்பது உண்மை. அதற்குப் பங்கீட்டுப் பண்பு தனி வழி தரும். ஒரு படியை ஏற்றும் விளக்கம் எல்லாப் படிகளையும் ஏற்ற வேண்டியதில்லை. கடன் பேச்சு சில குழந்தைகளைப் புண்படுத்தும் என்ற அச்சமும் நியாயமானது. ஆகவே எந்த வீட்டுக் கடனையும் வகுப்பில் கேட்கலாகாது. கூட்டுறவுச் சங்கத்தின் பேரேடோ கற்பனைக் கணக்கோ போதும். குறியை மாற்றும் விதியை ஆசிரியர்கள் கைவிட வேண்டியதில்லை. கடன் கணக்கில் காரணம் விளங்கிய பிறகே அதைச் சொல்ல வேண்டும்.