கேட்பதன் விலை: சென்சார் வலையமைப்பு நெறிமுறைகளின் வரலாற்றில் ஒரு திருப்பம்

கம்பியில்லா வலையமைப்பு நெறிமுறைகளின் வரலாற்றைப் பாடநூல்கள் பெரும்பாலும் மோதலின் வரலாறாகவே சொல்கின்றன. இரு கருவிகள் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் செய்தியும் கெடும். அதைத் தவிர்க்க அறிஞர்கள் கண்ட வழிகளே அலோஹா முதல் வைஃபை வரையிலான வரிசை. சென்சார் வலையமைப்புக்கு வந்து சேர்ந்ததும் இந்தக் கதை நொண்டுகிறது. அங்கே நெறிமுறைகளின் போக்கைத் தீர்மானித்தது கேட்பதற்கு ஆன செலவு. மோதல் அதற்கு அடுத்த படியில்தான் நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பழைய வரிசையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் இயக்கிய அலோஹாவில், முனையங்கள் நினைத்தபோது பேசின. பதில் வராவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி பேசின. இந்த முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 விழுக்காடுதான் பயன்படும். 1975இல் கிளைன்ராக்கும் டொபாகியும் பேசுமுன் கேட்கும் முறையை அலசினார்கள். ஒருவர் குரல் ஒருவருக்கு எட்டாத இரு கணுக்கள் நடுவிலுள்ள மூன்றாவதிடம் ஒரே நேரத்தில் பேசும் ‘மறைந்த முனைய’ச் சிக்கலையும் எடுத்துக்காட்டினார்கள். 1990இல் ஃபில் கார்ன் முன்வைத்த ‘பேசலாமா, பேசு’ என்ற முன்பரிமாற்றம், 1997இல் வந்த வைஃபை தரத்தில் இடம்பெற்றது. நடமாடும் அட்-ஹாக் வலையமைப்புகளுக்கு 2003இல் ஆவணமான ஏஓடிவி போன்ற வழித்தேடல் நெறிமுறைகளும் இதே மண்ணில் முளைத்தவை. இவை அனைத்துக்கும் பொதுவான ஓர் அனுமானம் உண்டு: ரேடியோ எந்நேரமும் விழித்திருக்கும். சுவர் மின்சாரத்தில் ஓடும் முனையத்துக்கும் அன்றாடம் சார்ஜ் ஏறும் மடிக்கணினிக்கும் அது பெரிய பாரமில்லை.

2002இல் அமெரிக்காவின் மெய்ன் கடற்கரையை ஒட்டிய கிரேட் டக் தீவில், கடற்பறவைகள் முட்டையிடும் வளைகளுக்குள் பெர்க்கிலி ஆய்வாளர்கள் சிறு சென்சார் கணுக்களை வைத்தபோது அந்த அனுமானம் உடைந்தது. அடைகாக்கும் பருவத்தில் பேட்டரி மாற்ற ஆள் போனால் பறவைகள் மிரளும். வைத்த பேட்டரி பருவம் முழுவதும் தாங்க வேண்டும். கணக்கு எவ்வளவு கடுமையானது என்பதை, சில ஆண்டுகளில் பரவலாகிய சிசி2420 ரேடியோ சிப்பின் தரவுத்தாளே காட்டுகிறது. முழு ஆற்றலில் அனுப்ப 17.4 மில்லி ஆம்பியர், பெற 18.8. யாரும் பேசாத வேளையிலும், காதைத் திறந்து வைத்திருந்தால் பெறும் செலவுதான். பேசுவதைவிடச் சும்மா கேட்டுக்கொண்டிருப்பது அதிகம் தின்கிறது! சுமார் 2,500 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள இரண்டு சாதாரண ‘டபுள் ஏ’ பேட்டரிகள் இப்படி விழித்திருக்கும் ரேடியோவுக்கு ஆறு நாள்கூடத் தாங்கா. நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்தால், மற்றச் செலவுகளை ஒதுக்கிவிட்டுப் பார்க்கும்போது, அதே பேட்டரி ஒன்றரை ஆண்டு வரும்.

வெய் யே, ஹைடமன், டெபோரா எஸ்ட்ரின் மூவரும் 2002இல் வெளியிட்ட எஸ்-மேக் இந்த வீண் கேட்பை மோதலுக்கு இணையான விரயமாகப் பெயரிட்டுப் பட்டியலில் சேர்த்தது. அண்டைக் கணுக்கள் ஒரே அட்டவணைப்படி சேர்ந்து தூங்கி, சேர்ந்து விழித்தன. கடிகாரங்களை ஒத்திசைப்பதே தனி வேலையாயிற்று. 2004இல் வந்த பி-மேக் அட்டவணையையே கைவிட்டது: ஒவ்வொரு கணுவும் தன் போக்கில் அவ்வப்போது ஒரு நொடிப்பொழுது அலைவரிசையைத் தொட்டுப் பார்க்கும், அனுப்புபவர் அடுத்தவர் விழிக்கும்வரை கதவைத் தட்டிக்கொண்டே இருப்பதுபோல் நீண்ட முன்சைகை அனுப்புவார். பொட்டலமாக மட்டுமே அனுப்பத் தெரிந்த சிசி2420 வந்ததும் அந்த நீண்ட தட்டல் இயலாமல் போயிற்று. 2006இன் எக்ஸ்-மேக் அதைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் பெறுபவர் முகவரியை எழுதியது. தமக்கில்லை என்று அறிந்தவர்கள் உடனே தூங்கப் போனார்கள். ஆடம் டங்கல்ஸின் கான்டிகிமேக் 2011இல் முன்சைகையையும் நீக்கி, முழுப் பொட்டலத்தையே திரும்பத் திரும்ப அனுப்பியது. கேட்பவர் ஒவ்வொரு விழிப்பிலும் இருமுறை தொட்டுப் பார்ப்பார்; ஒருமுறை மட்டும் பார்த்தால் இரு பொட்டலங்களுக்கு இடைப்பட்ட மௌனத்தில் விழுந்து ஏமாறலாம். இதில் ரேடியோ ஏறக்குறைய 99 விழுக்காடு நேரம் அணைந்தே கிடந்தது.

இந்தச் சிக்கனமெல்லாம் சிப்பின் முன்னேற்றத்தால் வந்தது, நெறிமுறைக்கு அதில் பங்கு குறைவு என்று ஒருவர் மறுக்கலாம். தரவுத்தாள்கள் அப்படிச் சொல்லவில்லை. முந்தைய தலைமுறைச் சிசி1000 பெறுவதற்கு, 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 9.6 மில்லி ஆம்பியர்தான் எடுத்தது. புதிய சிப் பல மடங்கு வேகமானது, பிட் ஒன்றுக்கான செலவைக் குறைத்தது, ஆனால் காத்திருக்கும் நொடிக்கான செலவை ஏறக்குறைய இரட்டித்தது. தூக்கம் தாமதத்தைக் கொண்டுவரும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. தொழிற்சாலை வால்வைத் திருப்ப வேண்டிய செய்தி அரை நொடி உறங்க முடியாது. அதற்கு விடையாக வந்த, 2012இல் தரமாகிய டிஎஸ்சிஎச் முறையும் ரேடியோவை விழித்திருக்கச் சொல்லவில்லை. யார், எப்போது, எந்த அலைவரிசையில் கேட்க வேண்டும் என்பதைத் துல்லியமான நேரத்துண்டுகளாக வகுத்தது. எஸ்-மேக்கின் அட்டவணை செம்மையாகத் திரும்பி வந்தது என்றே இதைப் படிக்கிறேன். மோதலின் இடத்தை அளக்க 2011இல் வந்த கிளாசி உதவும்: பல கணுக்கள் அரை மைக்ரோநொடிக்குள் ஒத்திசைந்து ஒரே பொட்டலத்தை அனுப்பினால் அவை கெடாமல் சென்று சேரும் என்று அது செய்து காட்டியது. நாற்பது ஆண்டு எதிரியாக இருந்தது அங்கே வாகனமாயிற்று. வீண் கேட்பை மட்டும் எந்த நெறிமுறையும் நண்பனாக்கிக்கொள்ளவில்லை.

வழித்தேடலையும் இதே விலை மாற்றியது. தூங்கும் அண்டையர் அனைவருக்கும் ஒரு செய்தியைப் பரப்ப, விழிப்பு இடைவெளி முழுவதும் அதைத் திரும்பத் திரும்ப அனுப்பியாக வேண்டும். 2004இல் வெளிவந்து பின்னர் ஆர்பிஎல் என்ற வழித்தேடல் நெறிமுறையில் சேர்ந்த ‘டிரிக்கில்’ முறை, தான் சொல்ல வந்ததை அண்டையர் ஏற்கெனவே சொல்லக் கேட்டால் வாயை மூடிக்கொள்ளும்படி கணுவுக்குக் கற்பித்தது.

இன்று வயல்களிலும் மின்மீட்டர்களிலும் ஓடும் லோராவானைப் பாருங்கள். அதன் ஏ வகைக் கருவி நினைத்தபோது பேசும். பேசி முடித்த பின் இரண்டே இரண்டு குறுகிய சன்னல்களைத் திறந்து கேட்டுவிட்டு உறங்கும். இடைவிடாமல் கேட்கும் பொறுப்பு, மின்சாரத்தில் செருகியிருக்கும் நுழைவாயில் பெட்டிக்கு. அந்தக் கருவி அலைவரிசையைப் பகிரும் விதம், 18 விழுக்காட்டு வரம்போடு 1971இல் தொடங்கிய அதே அலோஹா.