தீடை

அரிச்சல்முனையில் நின்று தலைமன்னார்ப் பக்கம் பார்த்தால் கடலுக்கு நடுவே வெளிறிய மணல்முதுகுகள் தெரியும். வரைபடத்தில் அவற்றுக்கு ஆதாம் பாலம் என்று பெயர், பக்தருக்குச் சேது. தனுஷ்கோடி மீனவர்கள் சொல்வது தீடை. முனையிலிருந்து எண்ணிக்கொண்டே போவார்கள்: ஒன்றாம் தீடை, இரண்டாம் தீடை என்று.

இந்தக் கடலுக்கு ஏட்டில் வைத்த பெயர்கள் பல. வடக்கே இருப்பது பாக் நீரிணை. 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த ராபர்ட் பாக்கின் பெயர் அது. இலங்கைத் தமிழர் ‘பாக்கு நீரிணை’ என்று எழுதுவார்கள். பழைய பாடநூல்களின் ‘ஜலசந்தி’தான் பிறகு ‘நீரிணை’ ஆயிற்று. இரண்டு சொற்களும் நீரோடு நீர் கூடுவதையே சொல்கின்றன. கடலுக்குள் தலைகாட்டும் நிலத்துக்கு அவற்றில் இடமில்லை.

அந்த நிலத்தின் பெயர்தான் தீடை. திட்டு, திட்டை, திடல் என்று மேட்டைக் குறிக்கும் சொற்களோடு இதைச் சேர்த்துப் பார்ப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தீவு என்றால் குடியிருப்பும் கிணறும் நினைவுக்கு வரும். தீடையில் இரண்டும் கிடையாது. ஆலாப் பறவைகள் வெறும் மணலில் முட்டையிடும். வலைக்காரர்கள் சற்றுநேரம் கரையேறுவார்கள்.

அதன் உருவமும் நிலையில்லாதது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளித்து மணலைத் தள்ளும். வடகிழக்கு வாடைக்காற்றில் வடக்கே பாக் விரிகுடா தள்ளும். தெற்கை ஆண்கடல், வடக்கைப் பெண்கடல் என்கிறார்கள். இரண்டின் இழுபறியில் ஒரு தீடை நீளும், ஒன்று நீரில் அமிழ்ந்து மறுபடி தலைதூக்கும். சுற்றிலும் ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன. இத்தனையையும் அடக்கிய சொல் நம் பாடநூலுக்குள் இன்னும் வராதது எனக்குப் பெரிய குறை.

1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் கடல் எல்லைக்கோடு இத்தீடைகளுக்கு நடுவே போகிறது. சில நம்முடையவை, மற்றவை இலங்கையுடையவை. 2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கையிலிருந்து படகேறிய குடும்பங்கள் குழந்தைகளோடு இங்கே இறக்கிவிடப்பட்டன. நிழலில்லை, குடிநீரில்லை. கடலோரக் காவல் படை மீட்கப் போனபோது, எத்தனையாவது தீடை என்பதுதான் அந்தக் குடும்பங்களுக்கிருந்த ஒரே முகவரி.