ஓடாவியாரின் கயிறு

அண்மையில் கற்பிட்டிக் குடாநாட்டின் எத்தாளைக்குச் சென்றிருந்தபோது, ஓடாவியார் ஒருவரின் பட்டறையில் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். மூட்டுக் கழன்ற சிறு மேசையொன்றைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். மூட்டுகளில் பசை தடவி, நான்கு கால்களையும் சுற்றி நைலோன் பட்டியொன்றை ஓட்டி, அதன் இரும்புப் பூட்டைத் திருகி இறுக்கினார். பட்டி மரத்தில் தடம் பதிக்காதிருக்க மூலைகளில் மட்டைத் துண்டுகளை வைத்தார். பின்னர் மூலைக்கு மூலை குறுக்காக அளந்தார். இரண்டு அளவும் ஒத்திருந்தால்தான் மேசை கோணாமல் நிற்கும்.

இந்தப் பட்டி வருவதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கயிறுதான் சேர். சுற்றிக் கட்டி, இடையில் ஒரு தடியைச் செருகி முறுக்குவோம். அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் பசையெல்லாம் வெளியே வந்துவிடும். கைக்குத் தெரியவேண்டும்."

ஓடாவி என்னும் சொல் தமிழக வாசகர் பலருக்குப் புதிதாக இருக்கலாம். தச்சரைக் குறிக்க நம்மிடையே வழங்கும் இச்சொல்லுக்கு மரக்கலம் செய்பவர் என்ற பொருளும் உண்டு. கயிற்றால் மரத்தை இறுக்கும் கலையும் கடலோடு தொடர்புடையதே.

1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து இலங்கை வந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த இடம் புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. தென்னை நார்க் கயிற்றால் கப்பல்கள் தைக்கப்பட்டதை அவர் தமது பயணக் குறிப்பில் பதிவு செய்துள்ளார். ஆணி அறைந்த கலம் பாறையில் மோதினால் உடைந்துவிடும், தைத்த கலமோ நெகிழ்ந்து கொடுக்கும் என்பது அவர் தரும் விளக்கம். துறைமுகம் அமையாத காலத்துச் சென்னையில், கப்பற் பயணிகளை அலை கடந்து கரைசேர்த்த மசூலாப் படகுகளும், இலங்கையின் மரபுவழிக் கரைவலைத் தோணிகளும் இவ்வாறு தைக்கப்பட்டவையே. பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, இணைப்பின்மீது நாரை வைத்து, கயிற்றைக் கோத்து இறுக்கினர். மேசைக்குப் பசை காயும்வரை மட்டுமே கட்டு வேண்டும். தைத்த கலத்திலோ கட்டே கலத்தைக் காக்கிறது.

2025 மே மாதம் இந்தியக் கடற்படை, 'கௌண்டின்யா' என்னும் தைத்த பாய்க்கப்பலைக் கார்வாரில் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அதன் வடிவத்துக்கு ஆதாரமாகக் கிடைத்தது அஜந்தாக் குகை ஓவியம். தைப்பதற்கோ கேரளத்துக் கைவினைஞர்களே தேவைப்பட்டனர். கயிற்றை எவ்வளவு இறுக்கவேண்டும் என்பதை எந்த ஓவியமும் சொல்லாது.

என் நீண்ட பத்திரிகைப் பணியில், படகுகள் கவிழ்ந்த செய்திகளை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அவற்றைக் கட்டியவர்களைப் பற்றி ஒரு பத்தியேனும் எழுதியதில்லை. இன்று நம் கரைகளில் பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளே நிற்கின்றன. முதிய ஓடாவியார் எவரேனும் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர் சொல்வதைத் தயவுசெய்து எழுதி வையுங்கள். நான் செய்யத் தவறியது அது.